மூணு கீழ்

ஒண்ணு மேல். ஆயிரத்து இருபது. நல்லது, எழுதியாச்சு. கவின் இறங்கிவிட்டாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கே இன்னொரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, கவின்மலர் இறங்கிவிட்டாள், சக்கரம் தரையில் பட்டது, ஒரு தடவை குதித்தது, மறுபடி பட்டது, இப்போது விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்து பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறாள், பாதி வாய்க்குள், பாதி சட்டைக்குள். உயிரோடு இருக்கிறாள். அது போதும். போதாதுதான், ஆனாலும் முதலில் அது போதும். என் இடது முழங்கால் மட்டும் மேஜைக்கு அடியில் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது, விமானம் இறங்கிய சமாச்சாரத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை போல. முன்னால் மரத்தட்டு, அதில் எட்டுக் குழி. இன்ஜினுக்கு நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஸ்பார்க் ப்ளக் கீழே ஒரு ப்ளக், அதனால் எட்டு, குழிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும், ஒண்ணு மேல், ஒண்ணு கீழ், ரெண்டு மேல், இப்படி நாலு கீழ் வரைக்கும். மேலே போய் இன்ஜின் இருமியது என்று கவின் சொன்னதும் எங்கள் மூத்த மெக்கானிக் டெய்சி அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை, "எட்டையும் கழட்டு, ஓம் பாரு" என்றாள், கழற்றியாச்சு, பார்க்கிறேன். சிவப்பு ஊசியை ப்ளக்கின் குழாய்க்குள் விட்டு அடியில் இருக்கும் பொத்தானைத் தொட வேண்டும், கருப்பு ஊசியை மறுமுனையில் நடுக்கம்பிமேல் வைக்க வேண்டும், மீட்டர் எவ்வளவு ஓம் என்று சொல்லும். ஆயிரம் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐயாயிரம் தாண்டினால் குப்பை. இவ்வளவுதான் வேலை. பிளஸ் டூ பிசிக்ஸில் பதினெட்டு மார்க் வாங்கியவள் இதைச் செய்கிறேன். ஓம் விதியைக் கூறு என்று கேள்வி வந்தது, மூன்று மார்க், தெரியும், எழுதவில்லை, கூறு கூறு என்று அதட்டுகிறவனுக்கு எதற்குக் கூற வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி எழுது என்றார்கள். மாட்டேன் என்றேன். இப்போது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பதினாறு தடவை அதே ஓம்.

ஒண்ணு கீழ். ஊசி வழுக்குகிறது, கீழ் ப்ளக் என்றாலே எண்ணெய், துடைத்துவிட்டு வை, சரி, ஆயிரத்துத் தொண்ணூறு. நல்லது. நேராக ஆறாவது குழிக்குப் போய்விடலாம் என்று கை துடிக்கிறது, ஆறாவது குழிதான் மூணு கீழ், அதற்குப் போனால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும், ஆனால் வரிசையாகப் பார் என்பது அக்காவின் உத்தரவு, அதுவும் பொய், உத்தரவுக்காக ஒன்றும் இல்லை, பயம், அவ்வளவுதான். மூணு கீழ் அங்கேயே இருக்கிறது, மற்ற ஏழைப் போலவே அழுக்காக, ஒன்றும் தெரியாததுபோல. காலையில் அந்தச் சத்தம் கேட்டபோது நான் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த விமானப் பயிற்சிப் பள்ளி ஹேங்கரில் ஏழு மாசம் இருந்தால் போதும், காது தானாக வளர்ந்துவிடும், விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நிமிராமலே சொல்லலாம். சோளக்காட்டுக்கு மேலே திரும்பும்போது சத்தம் அறுந்தது. அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்தது, சைக்கிள் செயின் பல் தாண்டுகிற மாதிரி. டம்ளர் கையில் இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குழாயை மூடத் தெரியவில்லை. பீர் முகம்மது அண்ணன் ஸ்பானரோடு வெளியே ஓடினார். நான் ஓடவில்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தேன், காரணம் தெரிந்தவளுக்குக் கால் வராது. விமானம் ஏறுவதற்கு முன்னால் கவின் என்னிடம் வந்தாள், முதல் தடவையாகத் தனியாகப் போகிறாள், பக்கத்துச் சீட்டில் வாத்தியார் கிடையாது, முகமெல்லாம் வேர்வை, "ஏ இசக்கி, என்ற கையப் பாரு, எப்படி ஆடுது பாரு" என்று நீட்டினாள். "ஆடினா ஆடட்டும், விமானம் ஆடாம இருந்தா சரி" என்றேன். "ப்ளக்கெல்லாம் நீதான பாத்த?" "நான்தான்." "அப்பச் சரி," என்று போய் ஏறிக்கொண்டாள். அப்பச் சரி. என்ன ஒரு சொல். யாராவது என்னை இதுவரை அப்படி நம்பியிருக்கிறார்களா, பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எடுத்துவரக்கூட என்னை அனுப்ப மாட்டார்கள், இவள் வானத்துக்கே போனாள், நான் பார்த்தேன் என்பதற்காக. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். கவின், நில்லு. ரெண்டே சொல். வாய் திறக்கவில்லை, கையை ஆட்டி டாட்டா வேறு காட்டினேன்.

ரெண்டு மேல், ஆயிரத்துப் பத்து. ரெண்டு கீழ், ஆயிரத்து இருநூறு, கொஞ்சம் கூட, பரவாயில்லை. நேற்று விழுந்தது. சொல்லிவிட்டேன், என் மண்டைக்குள் சொன்னாலும் சொன்னதுதானே. நேற்று பதினொன்றேகால் மணி, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, மூணு கீழைத் துடைத்துத் திருப்பினேன், எண்ணெய்க் கை, நழுவி, மேஜை விளிம்பில் ஒரு தட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு. இங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் கையிலிருந்து ப்ளக் விழுந்தாலும், சத்தம் கேட்டவர் உடனே "விழுந்தது!" என்று கத்த வேண்டும், எல்லாரும் கையில் இருப்பதை நிறுத்த வேண்டும், விழுந்ததை எடுத்து அதன் மரையில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி, மரை நசுங்கினால் எந்த இன்ஜினிலும் ஏறாது, பிறகு சிவப்புப் பெட்டி. புதுசோ பழசோ, கேள்வி கிடையாது. ஏனென்றால் உள்ளே இருப்பது பீங்கான், முடி அளவு கீறல் விட்டிருந்தால் வெளியே தெரியாது, மீட்டரிலும் தெரியாது, மேலே போய் சூடானபிறகுதான் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும், வந்த முதல் நாளே தெரியும், ஓம் விதிபோலத் தெரியும். நேற்று கம்ப்ரஸர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. கேட்டவர் கத்த வேண்டும், கேட்டது நான் ஒருத்திதான், நான் கத்தவில்லை. குனிந்தேன், எடுத்தேன், மீட்டரில் வைத்தேன், ஆயிரத்து நாற்பது என்று அழகாகக் காட்டியது, சரிதான் நல்லாத்தானே இருக்கு என்று குழியில் வைத்தேன். போன மாசம் ரெண்டு விழுந்திருந்தது என் கையிலிருந்து. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, நான் நிற்கும்போதே, "கை நிக்காத பிள்ளைய எதுக்கும்மா வச்சிருக்கீங்க, இன்னொண்ணு போட்டான்னா அனுப்பிருங்க" என்றார். அக்கா, "பழகிருவா சார்" என்றாள். மூணாவது என்றால் மூணாவதுதான். சாயங்காலம் எட்டையும் இன்ஜினில் ஏற்றியபிறகு அக்கா அளவு எழுதும் ஏடு முழுவதும் பார்த்துக் கடைசியில் கையெழுத்துப் போட்டாள், டெய்சி ராஜகுமாரி என்று முழுசாக, லைசென்ஸ் நம்பரோடு. நான் பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூணு மேல். ஆயிரத்து முப்பது. எழுது. எழுதினேன். அடுத்தது அதுதான், அடுத்தது அதுதான், ஊசியைத் துணியில் துடைக்கிறேன், சுத்தமாக இருந்த ஊசியை மறுபடி துடைக்கிறேன். வெளியே மயில் கத்துகிறது, ஓடுதளத்தில் மறுபடி ஏறிவிட்டது போல, அதை விரட்ட யாரோ வெடி போடப் போவார்கள். தகரக்கூரை உச்சி வெயிலுக்கு டிக் டிக் என்று விரிகிறது. பெட்ரோல் வாசனை எனக்கு இப்போது பிடிக்காமல் போனால் என்ன செய்வது. கவினுடைய அப்பா ஈரோட்டிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து பார்வையாளர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் லட்டு டப்பா, இன்ஜின் இருமியதை அவர் வித்தை என்று நினைத்துக் கை தட்டினாராம், பீர் அண்ணன் சொன்னார். கை தட்டினார். அந்தச் சத்தம் ஒட்டாமலே போயிருந்தால் அவர் எவ்வளவு நேரம் தட்டியிருப்பார், டப்பாவை எங்கே வைத்திருப்பார், வேண்டாம், இறங்கிவிட்டாள், இறங்கிவிட்டாள், அதோ டயர்மேல். சுவரோரம் வாளி நிறையத் தண்ணீர், தனியாக மூன்று சுற்று முடித்து வருகிறவர்கள் தலையில் கவிழ்க்க. அவள் ஒரு சுற்றுதான் முடித்தாள், அதனால் வாளி அப்படியே இருக்கிறது. எங்கள் அம்மா இங்கே விடுதி பெருக்குகிறவள், தெருவில் என்னவோ நான்தான் விமானமே செய்கிற மாதிரி பேச்சு, "எம்மவ தொடாம ஒரு பிளேனும் பறக்காது" என்று ரேஷன் வரிசையில் சொல்லியிருக்கிறாள். தொட்டேன் அம்மா. நல்லாவே தொட்டேன். ஒரு பக்கம் யோசித்தால் இது முட்டாள்தனமான பயம், ஒரு சிலிண்டருக்கு ரெண்டு ப்ளக், ஒன்று செத்தால் இன்னொன்று இழுக்கும், ஒரு ப்ளக்கால் விமானம் விழாது, படித்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், பிறகு ஏன் குழாயை மூடத் தெரியவில்லை? விழாது என்பதும் விழவில்லை என்பதும் ஒன்றா. சரி. போதும். வை.

மூணு கீழ். சிவப்பு ஊசி உள்ளே, பொத்தானைத் தொட்டாச்சு, கருப்பு நடுக்கம்பியில், எண்கள் ஓடுகின்றன, நில்லு, நில்லு சனியனே, ஆயிரத்து நாற்பது. நேற்று காட்டிய அதே ஆயிரத்து நாற்பது. மறுபடி வைத்தேன். ஆயிரத்து நாற்பது. மேஜைக்கு அடியில் முழங்கால் நின்றுவிட்டது, நிஜமாகவே நின்றுவிட்டது. அவசரப்படாதே, இது ஒன்றும் சொல்லவில்லை, கீறல் மீட்டரில் தெரியாது என்று இப்போதுதானே உனக்கு நீயே பாடம் எடுத்தாய். நாலு மேல், ஆயிரத்து அறுபது, எழுது. நாலு கீழ். எண் ஓடுகிறது, நிற்கவில்லை, ஐயாயிரம் தாண்டி, பத்தாயிரம் தாண்டி, முப்பத்தெட்டாயிரத்தில் போய் ஆடிக்கொண்டு நிற்கிறது. துடைத்து வைத்தேன், முப்பத்தொன்பதாயிரம். நாலு கீழ். நான் போடாத ப்ளக், நான் தரையில் போடாத, என் கை நழுவாத, தன் பாட்டுக்கு வயசாகித் தன் பாட்டுக்குச் செத்த ப்ளக். ஏட்டைத் திருப்பினேன், நேற்று ரெண்டாயிரத்து எண்ணூறு, அதற்கு முன்னால் ரெண்டாயிரத்து நூறு, ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது, ரெண்டையும் ஐயாயிரத்துக்குள் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறோம். "அக்கா!" என் குரல் கீச்சென்று வந்தது. "நாலு கீழ். முப்பத்தெட்டு!" டெய்சி அக்கா வந்து, தானே ஊசி வைத்துப் பார்த்து, "செத்துட்டான்," என்றாள், "கீழ சரியா இருந்திருக்கான், மேல போய் சூடானதும் செத்திருக்கான். மத்த ஏழும்?" "நல்லா இருக்குக்கா." "ஸ்டோர்ல ஒண்ணே ஒண்ணு கெடக்கு. அதப் போட்டா சாயங்காலம் நாலு மணிக்கு அனுப்பிரலாம்." பீர் அண்ணன் வாசலைப் பார்த்துக் கத்தினார், "ஏ ஈரோட்டு விமானி, நாலு மணிக்கு மறுபடி ஏறு, வாளித் தண்ணி காத்துக் கெடக்கு!" கவின் எழுந்து நின்று ரெண்டு கையையும் தூக்கினாள். நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அழுகிற மாதிரி ஆகிவிடும் என்று குனிந்து ப்ளக் துடைத்தேன். நான் இல்லை. நான் இல்லை. வேர்வை எல்லாம் ஒரே நேரத்தில் குளிர்ந்தது, தகரக்கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், குளிர்ந்தது.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கம்பித் தூரிகையில் கரியைத் தட்டி, ஒவ்வொன்றாகக் குழியில் வைக்கிறேன், ஒண்ணு மேல், ஒண்ணு கீழ், உடம்பு இறகு மாதிரி இருக்கிறது, யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை, மேனேஜரிடம் மூணாவது என்று ஒன்று கிடையாது, ரெண்டு மேல், ரெண்டு கீழ், கவின் நாலு மணிக்கு ஏறுவாள், மூணு மேல், அவள் அப்பா சரியான நேரத்தில் கை தட்டுவார், லட்டு கொடுப்பார், எனக்கும் ஒன்று, மூணு கீழ். மூணு கீழ். அதைத் துடைத்து முடித்துவிட்டேன், இன்னும் கையில் இருக்கிறது. நாலு கீழ் செத்ததால் மூணு கீழ் விழாமல் போய்விடுமா? விழுந்ததுதான். ஒரு தடவை மேலே போய் வந்ததே, நன்றாகத்தானே இருந்தது என்று சொல்லலாம். சொல்லலாம், அவள் சோளக்காட்டுக்கு மேலே திரும்பும்போது நான் மறுபடி குழாயடியில் நின்றுகொண்டு. இன்றைக்கு இறங்கினாள், நாளைக்கு இன்னொரு பிள்ளை, நாளை மறுநாள் இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் நான் சத்தத்தை எண்ணிக்கொண்டு டம்ளர் கழுவ வேண்டும். அந்தச் சத்தம் இன்னொரு தடவை என்னால் முடியாது. சரி, இப்போதே கை நழுவுகிற மாதிரி கீழே போட்டுவிடலாம். கம்ப்ரஸர் ஓடவில்லை, எல்லார் காதிலும் விழும், பீர் அண்ணன் கத்துவார், சுத்தியல், சிவப்புப் பெட்டி, முடிந்தது, நேற்று என்று ஒன்றே இல்லை. நல்ல யோசனைதான். விரலைத் தளர்த்தினேன். ரெண்டு விரலில் தொங்குகிறது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதையும் நான்தான் துடைத்து வைக்க வேண்டும், சே, எனக்குப் பொறுமை கிடையாது இதற்கெல்லாம், பள்ளிக்கூடத்தில் பிட் அடிக்கவே சோம்பேறித்தனப்பட்டவள் நான். விரலை இறுக்கினேன். எழுந்தேன். ப்ளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக, "விழுந்தது!" என்று கத்தினேன்.

எல்லாரும் கையை நிறுத்தினார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை. பீர் அண்ணன் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார், "எங்க பிள்ள? சத்தமே கேக்கலியே?" "இந்தா, கையில," என்றேன். "மூணு கீழ். விழுந்துச்சு." "எப்ப?" இது டெய்சி அக்கா. "நேத்து. பதினொண்ணேகாலுக்கு. கம்ப்ரஸர் ஓடுச்சு, யாருக்கும் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு, நான் கத்தல." அக்கா பக்கத்தில் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அடிக்கவில்லை. ஏட்டை எடுத்து நேற்றைய பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எம்பேரு இருக்குட்டி இதுல," என்றாள் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. "எரும! அந்தப் பிள்ள ஒத்தையில மேல போயிருக்கா, நீ டாட்டா காட்டிக்கிட்டு நின்னியாட்டி! நா பாத்தேனே, கைய ஆட்டி ஆட்டி!" "ஆமாக்கா." "ஆமாவாம்ல!" வாசலில் கவின் நின்றிருந்தாள், சட்டை ஈரமாக. எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், வேறே எங்கே பார்ப்பது. "அந்த இருமல் இதனாலயா?" என்று கேட்டாள். "இல்ல. அது நாலு கீழ். ஆனா இதும் விழுந்ததுதான்." "அப்ப நாலு மணிக்கு?" அக்கா பதில் சொன்னாள், ஸ்டோரில் இருப்பது ஒன்று, வேண்டியது ரெண்டு, திங்கட்கிழமை சரக்கு வரும்வரை இந்த விமானம் அசையாது. கவின் ஈரச் சட்டை நுனியைப் பிழிந்தாள். "லட்டு திங்கக்கெழம வரைக்கும் தாங்காது," என்றாள், "எங்கப்பாவும் தாங்கமாட்டாரு," கோபமா என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை, திரும்பிக் கொட்டகைப் பக்கம் நடந்தாள், ரெண்டடி போய் நின்று, "நேத்தே கத்தியிருக்கலாமில்ல இசக்கி," என்றாள். "கத்தியிருக்கலாம்," என்றேன். போய்விட்டாள். பீர் அண்ணன் வாளிக்குள் ரெண்டு கையையும் விட்டுக் கிரீஸைக் கழுவ ஆரம்பித்தார், "இனி இது எதுக்கு, திங்கக்கெழம புதுசாப் புடிச்சுக்கிடலாம்."

சுத்தியலை அக்கா மேஜைமேல் வைத்தாள், என் பக்கமாகத் தள்ளவில்லை, சும்மா வைத்தாள். நான் எடுத்தேன். ப்ளக்கை இரும்புக் கட்டைமேல் படுக்கவைத்து மரையில் ஓங்கி ஒரு அடி. மரை நசுங்கியது. அந்தச் சத்தம் ஹேங்கர் முழுக்கப் போய்க் கூரையில் இடித்துத் திரும்பி வந்தது, ஒரு நாள் தாமதமாக, ஆனால் வந்தது. சிவப்புப் பெட்டி. ஏட்டில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன், விழுந்தது, நேற்று, பதினொன்றேகால். இனி மேனேஜர் வருவார், மூணாவது என்பார், அனுப்பிருங்க என்பார், அக்கா இந்தத் தடவை பழகிருவா என்று சொல்லமாட்டாள், சொல்ல வேண்டாம், நானே பையை எடுத்துக்கொண்டு போகலாம், பை எங்கே வைத்தேன், அம்மாவிடம் என்ன சொல்வது, ரேஷன் வரிசையில் அம்மா என்ன சொல்வாள், பரவாயில்லை, பரவாயில்லை, எனக்கு மூச்சு நன்றாக வருகிறது, நேற்று பதினொன்றேகாலுக்குப் பிறகு இப்போதுதான் நெஞ்சு அடிவரை மூச்சு போகிறது, பெட்ரோல் வாசனைகூட நன்றாக இருக்கிறது, அது போதும். டம்ளர் ஒன்று கழுவாமல் கிடக்கிறது, போகும்போது கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை மூடப் போனேன். "எங்க மூடுத?" என்றாள் அக்கா. அவள் மறுபக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு இம்மிகூடக் குறையவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, ஏட்டில் புதுப்பக்கம் திருப்பி, கோடு போட்டு, பேனாவைத் திறந்து, மூடியை என் பக்கமாக உருட்டிவிட்டாள். "மிச்சம் ஆறு இருக்குல்லா. மொதல்லேருந்து பாரு. மனசுக்குள்ள பாக்காத, வாயத் தொறந்து சொல்லு, நா எழுதுதேன்." நான் மூடியை எடுத்து வைத்துக்கொண்டேன். சிவப்பு ஊசி உள்ளே. கருப்பு ஊசி நடுக்கம்பியில். எண்கள் ஓடி நின்றன.

"ஒண்ணு மேல்," என்றேன் சத்தமாக. "ஆயிரத்து இருபது."